‘தூங்கட்டும் பாவம்’ என்று வலி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்

ராத்திரி 2 மணிக்குக் கொடுக்க வேண்டிய மருந்து. பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறான். ‘தூங்கட்டும் பாவம்’ என்று அம்மா விட்டுவிடுகிறார். 4 மணிக்கு அலறிக்கொண்டு எழுகிறான். அப்போது கொடுக்கும் மருந்து வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும்.

புற்றுநோய் வலிக்கு, வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் மருந்தில், சாதாரண மாத்திரையோ சிரப்போ ஏறக்குறைய 4 மணி நேரந்தான் தாங்கும். டாக்டர் மணிக்கணக்குப் போட்டு எழுதுவது அதனால்தான். இரவு வேளையை எப்படிச் சமாளிப்பது என்று அவரிடமே கேளுங்கள். நடுவில் வலி பீறிட்டுக் கூடுதல் வேளை கொடுத்தால் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவார்கள்.

மார்பின் என்றாலே ‘கடைசிக் கட்டம்’ என்று பதறுகிறார்கள். இல்லை. கீமோவால் வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாத பிள்ளைக்கும் சில நாள் கொடுத்து, புண் ஆறியதும் குறைத்து நிறுத்துவதுண்டு. வலிக்காக முறையாகக் கொடுக்கும்போது போதைப் பழக்கமாவது அபூர்வம். ஆனால் பல நாள் கொடுத்ததை நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. மார்பின் கொடுத்தால் மலச்சிக்கல் கிட்டத்தட்ட நிச்சயம். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து ஏறுகிற பிள்ளைக்கு இரட்டிப்பு. மலமிளக்கி மருந்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். வெள்ளையணு குறைந்திருக்கும்போது எனிமா வேண்டாம்.

‘கோடீன் லேசானது, அதையே கொடுக்கலாமே’ என்று இன்னொரு வலி மருந்தைப் பற்றிய தப்பான எண்ணமும் உண்டு. கோடீனைக் கல்லீரல் மார்பினாக மாற்றும் வேகம் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும்: ஒருவனுக்குக் கேட்காது, இன்னொருவனுக்கு மூச்சே திணறும். உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே குழந்தைகளுக்கான வலி சிகிச்சையிலிருந்து அதை எடுத்துவிட்டது.

கடையில் வாங்கும் இபுப்ரோஃபன், ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்த பிள்ளைக்கு ரத்தக்கசிவை உண்டாக்கலாம். பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும். முதலில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், ‘அழவில்லையே, வலி இருக்காது’ என்கிற கணக்கு. கடும் வலியில் இருக்கும் பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பி அசையாமல் படுத்திருக்கும். தூக்கப் போனால் உடம்பை விறைத்துக்கொள்ளும். வலிக்கிறது என்றால் ஊசி போடுவார்களே என்று மறைக்கிற பிள்ளைகளும் உண்டு.

மார்பின் சிரப்பை ஸ்பூனில் ஊற்றாமல் சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். மில்லிகிராமும் மில்லிலிட்டரும் ஒன்றல்ல. தொடங்கிய ஓரிரு நாள் பிள்ளை அதிகம் தூங்கும். பெரும்பாலும் விட்டுப்போன தூக்கந்தான். ஆனால் தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் அடுத்த வேளை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.