தமிழ் வகுப்பில் கணினி: புதிய ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

பயிற்சிக்காகவும் பணியில் புதிதாகச் சேர்ந்தும் சிங்கப்பூர்ப் பள்ளிகளின் தமிழ் வகுப்புகளுக்கு வரும் இளம் ஆசிரியர்கள் கணினியைக் கையாளும் விதத்தைச் சில ஆண்டுகளாக வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பார்த்துவருகிறேன். சாதனங்களோடு அவர்களுக்கு இருக்கும் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு இருந்ததில்லை. ஆனாலும் நாங்கள் விழுந்த குழிகளிலேயே அவர்களும் விழுகிறார்கள். மின்னூட்டம் தீர்ந்துபோவது, ஒலிபெருக்கி வேலை செய்யாமல் போவது, கடவுச்சொல்லை மறந்துவிட்டு மாணவர் விழிப்பது ஆகியவற்றை இங்கே நான் பேசப்போவதில்லை. அவை ஒரு பாடவேளையைக் கெடுத்துவிட்டு அதோடு போய்விடும். மாணவருக்கு என்ன தெரியாது என்பதை ஆசிரியரின் கண்ணிலிருந்து மறைத்துவிடும் தவறுகள் அப்படிப் போவதில்லை.

சொற்பரிந்துரையோடு எழுதவைத்துவிட்டு, எழுத்துப்பிழை இல்லை என்று மகிழ்வது

எல்லாவற்றிலும் எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டுவது இதுதான். உயர்நிலைப்பள்ளி மாணவர் அனைவருக்கும் தனிப்பட்ட கற்றல் சாதனம் கொடுப்பதை 2028க்குள் முடிப்பதாக முதலில் திட்டமிட்டிருந்தார்கள். 2020இல் வீட்டிலிருந்து கற்க வேண்டிய நிலை வந்ததும் அதனை 2021க்கே முன்கொண்டுவந்தார்கள். சாதனம் கைக்கு வந்துவிட்டது. அதில் தமிழை எப்படித் தட்டச்சு செய்வது என்பதை மட்டும் பெரும்பாலான வகுப்புகளில் யாரும் முறையாகக் கற்றுத்தரவில்லை. ஆகவே மாணவர்கள் தங்களுக்கு எளிதாகப்பட்ட வழியைத் தாங்களே பிடித்துக்கொண்டார்கள். ஆங்கில எழுத்துகளில் சொல்லை ஒலிப்படி அடித்தால், திரையில் தமிழ்ச் சொற்கள் வரிசையாக வரும். முதலில் வருவதைத் தொட்டால் வேலை முடிந்தது.

உயர்நிலை ஒன்றில் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர், தம் வகுப்பின் கட்டுரைகளை ஆசிரியர் அறையில் பெருமையோடு காட்டினார். பக்கம் பக்கமாகப் பிழையே இல்லை. அந்தக் கட்டுரைகளில் இருந்தே ஒரு பத்தியை எடுத்து, மறுநாள் சொல்வதெழுதுதலாகத் தாளில் எழுதவைத்துப் பாருங்கள் என்றேன். பள்ளி ‘பல்லி’யாகவும், வாழைமரம் ‘வாலைமரம்’ ஆகவும், கறி ‘கரி’யாகவும் வந்தன. தாம் முதல்நாள் ‘எழுதிய’ சொற்களையே மாணவர்கள் அப்படி எழுதியிருந்தார்கள்.

எப்படி நடக்கிறது என்பதை அறிய வேண்டுமானால் ஒரு மாணவரின் தோளுக்குப் பின்னால் நின்று அவர் விரலை மட்டும் கவனியுங்கள். அவர் பி, ஏ, எல், எல், ஐ என்று அடிக்கிறார். பெட்டியில் ‘பள்ளி’ முதலாவதாகவும் ‘பல்லி’ இரண்டாவதாகவும் நிற்கின்றன. அவர் இரண்டையும் படிப்பதில்லை. விரல் பழக்கத்தால் முதல் பெட்டிக்குப் போகிறது. லகரமா ளகரமா என்று முடிவெடுத்தது மென்பொருள். அடுத்து ‘பாடம்’ என்று எழுத நினைத்து, நெடிலுக்கு இன்னொரு எழுத்தைச் சேர்க்காமல் அடிக்கிறார். ‘படம்’ வருகிறது. அதையும் தொட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகிறார். ஆசிரியர் அதைக் கவனக்குறைவு என்று எண்ணிச் சிவப்பு மையில் வட்டமிடுகிறார். குறிலும் நெடிலும் அந்தச் சாதனத்தில் அவருக்கு வேறுவேறாக இருந்ததே இல்லை என்பது அந்த வட்டத்தில் தெரியாது. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்கு ல, ள, ழ வேறுபாடு காதிலும் பெரும்பாலும் பதிந்திருக்காது. கையால் எழுதும்போது மட்டுமே அது மனத்தில் நிற்க வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பையும் பரிந்துரைப் பெட்டி எடுத்துக்கொள்கிறது.

மாற்றுவழி கடினமானதன்று. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் இருக்கும். ககரத்தை அடித்து ஆகாரத்தை அடித்தால் ‘கா’ வரும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும். தொடக்கநிலையில் உயிர்மெய்யைக் கற்ற முறைக்கு இது நெருக்கமாக இருப்பதால், எந்த எழுத்து வேண்டும் என்பதை மாணவரே தீர்மானித்தாக வேண்டும். ஆங்கில எழுத்துகளால் ஒலிப்படி தட்டும் ‘அஞ்சல்’ விசைப்பலகை முறை பிடித்திருந்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம். அதில் சிறிய எல் லகரம், பெரிய எல் ளகரம், இசட் ழகரம் என்று பிரிவு தெளிவாக உண்டு. ஐபேடு, குரோம்புக், விண்டோஸ் ஆகிய மூன்றிலும் தமிழ்99 உள்ளமைந்தே வருகிறது. பரிந்துரையை நிறுத்திவிட்டு, தவணையின் தொடக்க வாரங்களில் பாடவேளைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். முதலில் வேகம் குறையும், மாணவர்கள் முணுமுணுப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரிந்துரையை முற்றாக விலக்கச் சொல்லவில்லை. வகுப்பு விவாதப் பலகையில் ஒரு கருத்தைப் பதியத் தயங்கும் மாணவருக்கு அது கைகொடுக்கும். அங்கே நாம் தேடுவது கருத்தை. எழுத்துத் திறனுக்குச் சான்றாக மட்டும் அந்தப் பக்கத்தைக் கோப்பில் சேர்க்காதீர்கள்.

பழைய எழுத்துருவைச் சுமந்துகொண்டிருப்பது

1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது, தமிழைத் திரையில் கொண்டுவந்தவர் தேசியக் கல்விக் கழகத்தின் நா. கோவிந்தசாமி. அன்று ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் அதற்கென ஓர் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறி (யூனிகோடு) பரவி இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், அந்தக் காலத்துப் பயிற்சித்தாள்கள் பள்ளியின் பொதுக் கோப்புறைகளில் உயிரோடு இருக்கின்றன. அவற்றை நகலெடுத்து மாணவர் கற்றல் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கட்டங்களும்தான் தெரியும். உடனே பலர் அந்தப் பக்கத்தைப் படமாகப் பிடித்து ஏற்றிவிடுகிறார்கள். படத்தில் உள்ள சொல்லை அகராதியில் தேட முடியாது, உரக்கப் படிக்கும் கருவி அதனைத் தொடாது, பெரிதாக்கினால் மங்கும். பத்தியை ஒருங்குறிக்கு மாற்றும் இலவசக் கருவிகள் உள்ளன. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

தானியங்கித் திருத்தத்தின் மதிப்பெண்ணை அப்படியே பதிவேட்டில் ஏற்றுவது

கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவில் சரியான விடை எழுதிய மாணவிக்குச் சுழியம் விழுந்ததை அருகிலிருந்து பார்த்தேன். விடை ‘மௌனம்’. அவர் ஒற்றைக்கொம்பை அடித்து, அதன்பின் ளகரத்தை அடித்திருந்தார். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். ‘பொ’ போன்ற எழுத்தையும் ஒரே குறியாகவோ, கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவோ உள்ளிட இயலும். இரண்டும் ஒன்றே என்று எல்லாத் தளங்களும் அறிவதில்லை. சொல்லின் பின்னால் ஒட்டிய ஓர் இடைவெளியும் விடையைத் தவறாக்கிவிடும். அந்த மாணவி கை உயர்த்திக் கேட்டார். கேட்காத மாணவர்களே அதிகம். குறுவிடை வினாக்களுக்கு ஏற்கத்தக்க வடிவங்களை எல்லாம் முன்கூட்டியே உள்ளிடுங்கள், அல்லது சுழியம் விழுந்த விடைகளை மட்டுமாவது நீங்களே பாருங்கள். தெரிவுவிடை வினாக்களில் இந்தத் தொல்லை இல்லை. அதற்காக எல்லாவற்றையும் தெரிவுவிடையாக்கினால், அது முதலில் சொன்ன பரிந்துரைப் பெட்டிக்கே திரும்புவதாகும்.

போட்டி விளையாட்டு வினாடிவினா

வேகத்துக்குப் புள்ளி தரும் விளையாட்டில் வெல்வது பெரும்பாலும் விரல்தான். வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

குறிப்புகளைச் சாதனத்திலேயே விட்டுவைப்பது

2024 ஆகஸ்டில், சாதனங்களை மேற்பார்வையிடும் செயலியில் நேர்ந்த இணைய ஊடுருவலால் 26 உயர்நிலைப்பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை அழிந்தன. மேகக் கணிமையிலோ தாளிலோ படி வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். தமிழ்ப் பாடத்துக்கு ஒரு கைக்குறிப்பேட்டைக் கட்டாயமாக்குங்கள். எழுத்துப் பயிற்சிக்கும் அது வேண்டியதே.

செயற்கை நுண்ணறிவு எழுதிய பத்தியை அப்படியே கொடுப்பது

கருத்தறிதல் பத்தி ஒன்றை நொடியில் எழுதித் தருகிறது. அதில் சிறுவன் ரூபாய் கொடுத்துத் தேநீர் வாங்கி, ஆற்றங்கரையோரமாகப் பள்ளிக்கு நடந்துபோகிறான். சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் இருந்து எம்ஆர்டி ரயில் ஏறி வரும் பிள்ளைக்கு அந்தக் காட்சியும் புதிது, சொல்லும் புதிது. எது புரியாமல் அவர் தடுமாறினார் என்று விடைத்தாளைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. பத்தியை வாங்கிக்கொண்டு இடத்தையும் பொருளையும் நீங்கள் மாற்றுங்கள். அப்படியே புணர்ச்சியையும் ஒற்றுமிகுதலையும் வரிவரியாகப் பாருங்கள்; அந்தக் கருவிகள் வலி மிகும் இடத்தில் விட்டுவிடுவதும், மிகாத இடத்தில் போடுவதும் இன்னும் குறையவில்லை.