மண்ணடியில் இறங்கி ஹைகோர்ட்டில் ஏறுங்கள்: ஜார்ஜ் டவுனை நடந்து பார்க்க ஒரு வழி

சென்னை ஜார்ஜ் டவுனைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி, பாரிமுனைக் கூட்டத்தில் அரை மணி நேரம் திணறிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என் அப்பா ஆண்டர்சன் தெருக் காகிதக் கடை ஒன்றில் கணக்கு எழுதினவர். இந்தத் தெருக்களில் அவர் கையைப் பிடித்து நடந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஒரு நிறுத்தம் தள்ளி, மண்ணடியில் இறங்குங்கள். அங்கிருந்து தெற்கே நடந்து, ஹைகோர்ட் நிலையத்தில் ரயில் ஏறுங்கள். ஊர் எங்கே நெருக்கியடித்து நிற்கிறது, எங்கே சட்டென்று முடிகிறது என்பது அப்படி நடந்தால்தான் புரியும்.

முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், தலை நிமிர்ந்து கட்டடங்களைப் பார்க்கலாம். காரில் மட்டும் வராதீர்கள், நிறுத்த இடமே கிடைக்காது. 2019-ல் இந்தச் சுரங்க நிலையங்கள் திறந்த பிறகு அதற்கு அவசியமும் இல்லை.

மண்ணடி நிலையம் பிரகாசம் சாலையில் இருக்கிறது. பழைய ஆட்களுக்கு அது இன்னும் பிராட்வேதான். மேலே ஏறியதும் கிழக்கே திரும்பித் தம்பு செட்டித் தெருவைப் பிடியுங்கள். காளிகாம்பாள் கோயில் அங்கேதான். 1677-ல் சிவாஜி வந்து வணங்கியதாகக் கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். சுதேசமித்திரனில் வேலை பார்த்த காலத்தில் பாரதியாரும் இங்கே வருவார் என்று சொல்வார்கள்.

கோயிலிலிருந்து தெற்கே நடந்து, வலப்பக்கம் ஆர்மேனியன் தெருவுக்குள் போங்கள். வழி கேட்டால் 'அரண்மனைக்காரன் தெரு' என்றும் சொல்லிப் பாருங்கள். இந்த நடையில் நான் அதிக நேரம் நிற்பது அங்கே உள்ள ஆர்மேனியத் தேவாலயத்தில்தான். 1772-ல் கட்டியது. மணிக்கூண்டு தனியாக நிற்கிறது, ஆறு மணிகள். முற்றத்துத் தரையெல்லாம் கல்லறைக் கற்கள். உலகத்தின் முதல் ஆர்மேனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-ல் இந்தச் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் கல்லறையும் அந்த முற்றத்தில் இருக்கிறது. தேடிப் பாருங்கள். அச்சுத் தொழிலும் காகிதமும் இன்றும் பிழைப்பாக இருக்கிற பேட்டையில் அவர் படுத்திருப்பது எனக்குப் பெரிய விஷயம். செருப்புக் காலோடு கற்களை மிதித்துப் போகாமல், ஓரமாக நடங்கள்.

தெரு முடிந்தால் என்.எஸ்.சி. போஸ் சாலை. இங்கே ஒரு நிமிடம் நின்று எதிர்ப்புறம் பாருங்கள். இந்தப் பக்கம் கட்டடத்தின் மேல் கட்டடம், அந்தப் பக்கம் உயர் நீதிமன்றத்தின் அகன்ற வளாகம். இந்தியர்கள் குடியிருந்ததால் வெள்ளைக்காரர்கள் 'கறுப்பர் நகரம்' என்று அழைத்த பழைய ஊர் முதலில் அந்தப் பக்கம், புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டித்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டைகளுக்குப் பிறகு, பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று அதை இடித்துத் தள்ளினார்கள். அங்கிருந்த பட்டணம் கோயிலும் தப்பவில்லை. இப்போது தேவராஜ முதலி தெருவில் இருக்கும் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் கோயில்கள் அதற்குப் பதிலாகக் கட்டியவை.

இடப்பக்கம் திரும்பிப் பாரிமுனை வரை போங்கள். அங்கே டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. இந்த எல்லையைத் தாண்டி வீடு கட்டக்கூடாது என்று 1773-ல் நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட அதைக் கவனிப்பதில்லை, எனக்கு மனசு கேட்காது.

நீதிமன்றக் கட்டடம் 1892-ல் திறந்தது. அதன் உயரமான கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாக இருந்தது. அதற்கும் முந்தைய விளக்குத்தூண் அதே வளாகத்தில் தனியாக நிற்கிறது. மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே.

பொருள் வாங்க வேண்டுமென்றால் இன்னொரு நாள், வார நாளில், காலை பதினோரு மணிக்கு மேல் வாருங்கள். கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு. பல கடைகளில் மொத்த விலை வேண்டுமென்றால் மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும், முதலிலேயே கேட்டுவிடுங்கள். பின்னால் 'வழி, வழி' என்று குரல் கேட்டால் உடனே ஒதுங்கிவிடுங்கள். பாரம் ஏற்றிய மீன்பாடி வண்டியை, அதாவது மூன்று சக்கரச் சரக்கு வண்டியை, சட்டென்று நிறுத்த முடியாது.