கோழிக் கண்காட்சியில் திருட்டுக்கு வழிவிடும் தவறுகள்

கோழிக் கண்காட்சியில் ஒரு பறவையைக் கொண்டுபோக நினைக்கும் திருடனுக்குப் பூட்டை உடைக்கும் வேலையே இல்லை. அரங்கில் பாதிப் பேர் கையில் காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியோடு நடக்கிறார்கள். கூண்டைத் திறந்து ஒரு சேவலை வெளியே எடுப்பவரை, அவர்தான் அதன் உரிமையாளர் என்றே மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்தவர் கூண்டை அனுமதியில்லாமல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் வெறும் மரியாதைக்காக ஏற்பட்டதன்று. அதை எல்லோரும் கடைப்பிடிக்கும் அரங்கில் கூண்டுக்குள் கை விடுகிறவர் தனித்துத் தெரிவார். ஆளாளுக்குத் திறந்து பார்க்கும் அரங்கில் திருடனும் கூட்டத்தில் ஒருவனாகிவிடுவான். கண்காட்சிக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் பல, நடத்தைப் பிழையாகத் தொடங்கித் திருட்டுக்கு வசதியாக முடிகின்றன.

பலரும் அலட்சியம் செய்வது முட்டை. பயண அலைச்சலுக்குப் பிறகும் பெட்டைக் கோழி கண்காட்சிக் கூண்டிலேயே முட்டையிடுவதுண்டு. மரத்தூளின் மேல் கிடக்கும் அந்த ஒற்றை முட்டையைப் பார்க்கிறவர், “யாரும் எடுக்கப் போவதில்லை, வீணாகத்தானே போகும்” என்று எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். ஆனால் பெட்டையின் கருக்குழாயில் சேவலின் விந்தணுக்கள் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை உயிரோடு தங்கக்கூடியவை. ஒரு வாரமாகத் தனிக்கூண்டில் இருந்த பெட்டை இடும் முட்டையும் கருவுற்றதாக இருக்கலாம். அதை எடுத்துச் சென்று அடை வைத்தால், ஒருவர் பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்து வளர்த்த வம்சம் 21 நாளில் இன்னொருவர் கையில் குஞ்சாகப் பொரிந்து நிற்கும். கூண்டில் இடப்பட்ட முட்டை பறவையின் உரிமையாளருக்கே சொந்தம். அவர் எப்போது அரங்குக்குள் வந்தாலும் முதல் வேலையாக முட்டைகளைச் சேகரிக்க வேண்டும். வர முடியாவிட்டால், முட்டையைக் குலுக்கியோ உடைத்தோ விடும்படி கூண்டுப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். கீழே உதிர்ந்த இறகுக்கும் இதே கண்ணியம் பொருந்தும். பறவையின் உடலிலிருந்து நினைவுக்காக ஓர் இறகைப் பிடுங்குவதை என்னால் திருட்டு என்றுதான் சொல்ல முடியும், ஏனெனில் வாலில் ஓர் இறகு குறைந்தால் அந்தப் பறவையின் பரிசே போகலாம்.

அடுத்த பெருந்தவறு, தன் பறவையைத் தன்னுடையது என்று நிறுவ வழியில்லாமல் வருவது. ஒரே இனத்து வெள்ளைக் கோழிகள் பத்து வரிசையாக நிற்கும்போது, “பார்த்தாலே எனக்குத் தெரியும்” என்ற பேச்சு எந்த விசாரணையிலும் நிற்காது. சுருள் வடிவ ப்ளாஸ்டிக் வளையங்கள் கையாலேயே கழன்றுவிடும் என்பதால் அவை நிறம் பிரிக்க உதவுமே தவிர, உரிமைக்குச் சான்றாகா. எண் பொறித்த மூடிய வளையத்தைக் குஞ்சுப் பருவத்திலேயே காலில் ஏற்ற வேண்டும். வளர்ந்த பின் அது பாதத்தைத் தாண்டிக் கழலாது, கழற்றுகிறவர் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். மிகச் சீக்கிரம் போட்டால் நழுவி விழும், தாமதித்தால் பாதத்தில் ஏறாது, ஆகவே அந்த இனத்துக்கு உரிய அளவை அறிந்து போட வேண்டும். பொரித்த நாளிலேயே விரலிடைச் சவ்வில் சிறு துளையிட்டு அடையாளம் வைப்பதும் பழைய முறை. ஒரு காலுக்கு 2 சவ்வு வீதம் 4 இடங்கள் இருப்பதால், 16 வகையான குறிகள் கிடைக்கும். இவற்றோடு, புறப்படும் முன் தலையின் இரு பக்கங்களையும் நெருக்கமாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொண்டையின் பற்கள் அமைந்திருக்கும் விதம், அவற்றுக்கு இடையே உள்ள வெட்டு, பழைய கொத்துக் காயத்தின் தழும்பு ஆகியவை கூடிவரும் விதத்தில் இரண்டு சேவல்கள் ஒத்திருப்பது அரிது.

இதைப் படித்துவிட்டுக் கூண்டுக்குக் கனத்த பூட்டை மாட்டிச் சாவியோடு சாப்பிடப் போகிறவர்களும் உண்டு. அதுவும் தவறே. நடுவர் பறவையைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது, தண்ணீர் வைக்க முடியாது, தீ விபத்து நேர்ந்தால் அந்தக் கூண்டுதான் கடைசியில் திறக்கப்படும். நடுவர் பார்வை முடிந்த பிறகு, அமைப்பாளர்களின் ஒப்புதலோடு, வெட்டினால் மட்டுமே கழலும் எண்ணிட்ட ப்ளாஸ்டிக் பட்டையைக் கட்டுவது போதும். உண்மையில் பலர் கோட்டை விடுவது கூண்டில் அல்ல, மேசைக்கு அடியில். போட்டியில் சேர்க்காத உபரிப் பறவைகளையும் விற்பனைக்குக் கொண்டுவந்தவற்றையும் பெட்டியோடு அங்கே தள்ளிவிட்டுப் போகிறார்கள். அவற்றுக்குக் கூண்டு எண்ணும் இல்லை, பதிவும் இல்லை, கண்காணிப்பும் இல்லை.

உரிமையாளர் அனுமதித்த பின்னும் பறவையைத் தொடுவதற்கு முறை உண்டு. உள்ளங்கை மார்பெலும்பைத் தாங்க, கால்கள் விரல்களுக்கு இடையே அடங்க, தலை உங்களை நோக்கி இருக்கும்படி பிடிக்க வேண்டும். கூண்டிலிருந்து எடுக்கும்போதும் திரும்ப விடும்போதும் தலையே முன்னால் போக வேண்டும். அப்போதுதான் சிறகும் வாலும் கதவுச் சட்டத்தில் சிக்கி ஒடியாமல் இருக்கும். ஒரு பறவையைத் தொட்ட கையைச் சுத்தம் செய்யாமல் அடுத்ததைத் தொடுவது, சளி நோயையும் பேனையும் வரிசை முழுவதும் சுமந்து செல்வதாகும். வெள்ளைக்கழிச்சல் தொற்றிய பறவை நோய்க்குறி காட்ட 2 முதல் 15 நாள் வரை ஆகலாம் என்பதால், கூண்டில் தெம்பாக நிற்பது நலமானது என்று சொல்லிவிட முடியாது. வீடு திரும்பியதும் கண்காட்சிப் பறவைகளை மற்றவற்றோடு உடனே சேர்க்காமல் மூன்று நான்கு வாரம் தனியே வைப்பது நல்லது.

நடுவர் சுற்றிவரும்போது தன் கூண்டருகே நின்று கனைப்பதும், “இது போன வருடம் பரிசு வாங்கியது” என்று பக்கத்தில் இருப்பவரிடம் உரக்கச் சொல்வதும் ஏமாற்று வேலைக்கு மிக அருகில் இருப்பவை. அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 1873இல் தோன்றி, அடுத்த ஆண்டே இனத் தரநூலை வெளியிட்டது. இத்தகைய எழுதிய அளவுகோல் இருப்பதே, பறவை யாருடையது என்பது நடுவருக்குத் தேவைப்படாமல் இருக்கத்தான். இறகுக்குச் சாயம் பூசுவதும் குறை காட்டும் இறகை நீக்குவதும் வேறு வகைத் திருட்டு. அங்கே களவு போவது இன்னொருவரின் பரிசு.

வாங்குபவர்களும் தவறு செய்கிறார்கள். அரங்கில் விலை சொல்லத் தயங்கிய ஒருவர், வண்டி நிறுத்துமிடத்தில் நல்ல சேவலைப் பாதி விலைக்குத் தர முன்வந்தால், வளைய எண்ணையும் விற்பனைச் சீட்டையும் கேளுங்கள். திருட்டுப் பறவையை வாங்கியவர் பறவையையும் பணத்தையும் இழக்க நேரிடும், பெயரும் கெடும். இன்னொரு பேச்சிலும் கவனம் வேண்டும். “வீட்டில் யாரும் இல்லை, இரண்டு நாளும் இங்கேதான்” என்று முகம் தெரியாதவரிடம் சொல்வதும், பரிசு பெற்ற சேவலின் படத்தை ஊர், தெரு தெரியும்படி பகிர்வதும், கண்காட்சியில் நடக்காத திருட்டைப் பண்ணைக்கு அழைப்பது போலத்தான்.

நெருக்கடியான நேரம், பறவைகளை எடுத்துச் செல்லலாம் என்று அறிவித்த பின் வரும் அரை மணி நேரம். அறிவிப்புக்கு முன்பே நைசாகப் பறவையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள், வெறும் கூண்டு என்பது சாதாரணக் காட்சி என்று பிறரை நினைக்க வைக்கிறார்கள். அதன் பிறகு களவுபோன கூண்டும் அதே போலத்தான் தோன்றும். உங்கள் பறவைகளைப் பெட்டியில் ஏற்றும்போது கூண்டு எண், வளைய எண், பதிவுச் சீட்டு மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். துணைக்கு வந்தவர் ஒருவர் கூண்டருகே நிற்க, மற்றவர் பெட்டியை வண்டிக்குக் கொண்டுபோகட்டும்.

காணவில்லை என்று தெரிந்தவுடன் பக்கத்துக் கூண்டுக்காரர் மேல் பாய்வதும் தவறு. முதலில் கண்காட்சிச் செயலரிடம் வளைய எண்ணையும் படத்தையும் கொடுத்து, வாசலில் பெட்டிகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதே வேளையில் வரிசை முழுவதையும் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அன்றே காவல்துறையில் எழுத்தில் புகார் தர வேண்டும். ஒருமுறை என் வெள்ளை விடைக்கோழியின் கூண்டு வெறுமையாக இருந்தது. பக்கத்தில் அதே இனத்தைக் கொண்டுவந்திருந்தவர் சீக்கிரமாகப் பெட்டி கட்டுவதைப் பார்த்து, மனத்துக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். கோழி மேல் வரிசையில், என் கூண்டுக்கு நேர் மேலே இருந்தது. நடுவர் பார்த்த பின் உதவியாளர் இடம் மாற்றி விட்டிருக்கிறார். அரையிருட்டில் அதன் கால் வளையத்தில் இருந்த எண்ணை நான் படிக்க, டார்ச் அடித்துக் காட்டியவர் நான் சந்தேகப்பட்ட அதே மனிதர்.