மரத்தை வரையவிடுவது எப்படி

பிரிட்டிஷ் கலைஞர் டிம் நோல்ஸ் மரக்கிளைகளின் நுனியில் பேனாக்களைக் கட்டி, அவை தொடும் இடத்தில் தாள் பொருத்திய ஓவியச் சட்டகத்தை நிறுத்திவிட்டு, காற்றில் கிளை அசையும்போது விழும் கோடுகளையே ஓவியமாக ஏற்றுக்கொள்கிறார். 2005-இல் இங்கிலாந்தின் கம்பிரியாவில், பாரோடேல் பள்ளத்தாக்கின் ஓக் மரம் ஒன்று இவ்வாறு வரைந்தது. இதைச் செய்து பார்க்கச் செலவு அதிகமில்லை. குறுக்கிடாமல் இருக்கும் பொறுமைதான் வேண்டும்.

பாதி வேலை கிளையைத் தேர்ந்தெடுப்பதில் முடிந்துவிடுகிறது. தடித்த கிளை இளங்காற்றுக்கு அசையாது என்பதால், சுண்டுவிரலைவிட மெல்லியதாய், பேனாவின் எடைக்குச் சற்றே வளைந்து மீளும் நுனியைத் தேடுங்கள். பக்கவாட்டில் நீண்ட கிளையானால் அட்டையில் கவ்விய தாளைச் செங்குத்தாகவும், தொங்கும் கிளையானால் தரையில் கிடைமட்டமாகவும் வையுங்கள்.

பால்பாயிண்ட் பேனா இதற்கு உதவாது. அதன் குண்டு உருள அழுத்தம் தேவை. கிளையோ தாளை வருடத்தான் செய்யும். தொட்ட மாத்திரத்தில் மை விடும் ஸ்கெட்ச் பேனாவே ஏற்றது. ஒரே இடத்தில் கட்டினால் பேனா சுழன்றுவிடும். ஆகவே கிளையோடு ஒட்டிப் படுக்கவைத்து, இரண்டு இடங்களில் பருத்தி நூலால் சுற்றுங்கள். பட்டை நசுங்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது, ஆணி அடிக்கவே கூடாது.

மூடியைக் கடைசியில் கழற்றுங்கள். காற்று நின்றிருக்கும் வேளையில் முனை தாளில் தங்கினால், மை ஊறிப் பொட்டாகப் பரவும்; பிறகு ஒரு சிற்றலை வந்ததும் அந்தப் பொட்டிலிருந்து மயிரிழை போன்ற கோடு கிளம்பி, வளைந்து, ஏறக்குறைய அதே வழியில் திரும்பும். அந்தப் பொட்டைப் பிழையென்று எண்ணித் தாளை மாற்றாதீர்கள், ஏனெனில் காற்று ஓய்ந்திருந்த நேரத்தின் பதிவு அதுதான். பலத்த வீச்சில் பேனா தாளுக்கு வெளியே போய்த் திரும்பினாலும் அட்டையை நகர்த்த வேண்டாம். நீங்கள் திருத்தத் தொடங்கிய நொடியில் அது உங்கள் படமாகிவிடுகிறது, மரத்தின் படமாக இருப்பதில்லை.

ஒரு மணி நேரம் கழித்து நூலை அவிழ்த்து, கிளையை விடுவித்து, தாளின் பின்புறம் மரத்தின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். அவிழ்ப்பதற்கு முன் ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள்: வரைந்துகொண்டிருக்கும் மரத்தின் படத்தை ஓவியத்தின் அருகிலேயே நோல்ஸ் காட்சிக்கு வைக்கிறார்.