உவர்க் கிணற்றுக்காரருக்குச் சுருள்பாசி: முதல் தொட்டி போடும் முறை

சாப்பிடும் பாசியான சுருள்பாசியை (ஸ்பைருலினா) வளர்ப்பதற்காக முண்டு மிளகாய்க் கொல்லையை உடனே கைவிட வேண்டாம். வீட்டோரம் 10 அடிக்கு 10 அடியில் ஒரு தொட்டி போதும். அரை அடி ஆழத்துக்கு நிரப்பினால் சுமார் 1,400 லிட்டர் பிடிக்கும். நன்றாக வளரும் நாளில் இதில் காய்ந்த பாசி 50 முதல் 70 கிராம் தேறும். அவ்வளவுதான், ஆசை காட்டுகிறவர்களை நம்பாதீர்கள்.

ஸ்பைருலினா உப்பைத் தாங்கும், ஆனால் இராமநாதபுரம் கரையோரக் கிணற்றில் உப்போடு சுண்ணாம்பும் இருக்கும். சமையல் சோடா பட்டதும் அந்தச் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து, பாசியிலும் ஒட்டிக்கொள்ளும். ஓட்டிலிருந்து பிடித்த மழைநீர் நல்லது. கிணற்று நீர்தான் என்றால், தனி டிரம்மில் சோடாவைக் கரைத்து இரண்டு நாள் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் எடுங்கள்.

பாசி வளரும் கரைசலுக்கு, 1,000 லிட்டருக்குச் சமையல் சோடா 8 கிலோ, கல்லுப்பு 5 கிலோ (நீர் கரித்தால் குறைக்கவும்), பொட்டாசியம் நைட்ரேட் 2 கிலோ, மெக்னீசியம் சல்பேட் 200 கிராம், மோனோ அம்மோனியம் பாஸ்பேட் 100 கிராம், இரும்பு சல்பேட் 10 கிராம். சாப்பிடும் பொருள் என்பதால் மூட்டை உரம் ஆகாது. சுத்தமான தரத்தில் வாங்குங்கள். யூரியா மலிவுதான், ஆனால் கை தவறி அதிகமானால் காரத்தில் அம்மோனியாவாக மாறித் தொட்டியையே கொன்றுவிடும்.

விதைப்பாசியை (தொடக்கத்துக்கு விடும் உயிருள்ள சுருள்பாசியை) ஒரேயடியாகப் பெரிய தொட்டியில் கொட்டக் கூடாது. கரும்பச்சை குறையாத அளவில், நாளுக்குக் கொஞ்சமாகக் கரைசலைக் கூட்டுங்கள். நீர்த்த பாசி உச்சி வெயிலில் வெளுத்துச் செத்துவிடும். முதல் இரண்டு வாரம் பாதி நிழல் தரும் வலை கட்டாயம். பகலில் நான்கு முறையாவது துடைப்பத்தால் கலக்கிவிடுங்கள்.

குச்சி நுனியில் வெள்ளை மூடியைக் கட்டி நீரில் இறக்கினால், 3 செ.மீ. ஆழத்திலேயே மறைய வேண்டும். அப்போது விடியற்காலையில் நெருக்கமான துணியில் வடிகட்டி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், வடிந்த நீரைத் தொட்டிக்கே திருப்புங்கள். பிழிந்தால் மாவுப் பதம் வரும். இடியாப்ப உரலில் இட்டு வலைமேல் நூலாகப் பிழிந்து, நிழலான சூடான உலர்த்தியில் அன்றைக்கே, மடக்கினால் ஒடியும்வரை காயவையுங்கள். மறுநாளுக்கு வைத்த ஈரப்பாசி நாறும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கூரை இல்லாவிட்டால் கரைசல் நீர்த்துக் காரம் இறங்கும். காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 9.5-க்குக் கீழே போனால் வேறு பாசிகள் நுழையும். வடிந்த நீர் தெளிவாக இல்லாமல் பச்சையாக வந்தால் நுழைந்துவிட்டது என்று பொருள். அந்தத் தொட்டியைக் கழுவி, புது விதையில் தொடங்குங்கள்.