சின்னக் கார் வாங்கப் போறீங்களா? நிறை குறையை நம்ம ஊர் ரோட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி

போன மாதம் குமரி மாவட்டம் குலசேகரத்திலிருந்து சித்தி மகன் போன் போட்டான். "அண்ணே, யூடியூப்ல ஒருத்தன் இந்த வண்டி சூப்பருங்கான், இன்னொருத்தன் டப்பாங்கான். ஒத்த வார்த்தையில சொல்லு, எடுக்கலாமா வேண்டாமா?"

ஒற்றை வார்த்தையில் சொல்ல முடியாது என்றதும் அவனுக்குக் கோபம். நான் வேண்டுமென்றே இழுக்கவில்லை. சென்னையில் சமதரையில் ஓட்டுகிறவருக்கு நிறையாகத் தெரிவது, குலசேகரம் ஏற்றத்தில் குறையாகிவிடும். அதனால் இரண்டு சனிக்கிழமை அவனோடு சேர்ந்து அலைந்தேன். அப்போது செய்ததைத்தான் வரிசையாக இங்கே எழுதுகிறேன். இன்ஜின் பக்கம் தலைவைத்துப் பார்க்காதவரும் செய்யலாம். ஒரு நோட்டு, பேனா, தையல்காரர் டேப், வீட்டு ஆட்கள், இவ்வளவு போதும்.

1. வண்டியைப் பார்க்கும் முன் உங்கள் பயணத்தை எழுதுங்கள்

ஷோரூமுக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டும். எங்கே போவீர்கள், எத்தனை பேர், மாதம் எத்தனை தடவை. தம்பி எழுதியது இது: வேலைநாளில் தக்கலை வழியாக நாகர்கோவில், ஒருவழி 30 கிலோமீட்டர் சுமார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயில். மாதம் ஒருமுறை சித்தியின் முட்டுவலிக்கு திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி. மனைவி வீடு மணவாளக்குறிச்சி, கடற்கரைப் பக்கம். வருடத்துக்கு இரண்டு தடவை ஆரல்வாய்மொழி தாண்டி திருநெல்வேலி.

இன்னொன்றை அவன் எழுத மறந்துவிட்டான், நான்தான் சேர்த்தேன். ரோட்டிலிருந்து அவன் வீட்டு முற்றத்துக்கு ஏறும் சரிவு. எங்கள் மேற்குப் பக்கத்தில் ஏற்றமோ இறக்கமோ இல்லாத வீட்டு வழியைப் பார்ப்பது கஷ்டம். தினமும் இரண்டு தடவை வண்டி அதில் ஏறி இறங்கியாக வேண்டும். யூடியூப்காரர் யாரும் அந்தச் சரிவில் ஓட்டிப் பார்க்கப் போவதில்லை.

மலை, கடல், காற்று மூன்றும் அடுத்தடுத்து இருக்கிற மாவட்டம் நம்முடையது. ஆகவே இந்தப் பட்டியலை அவசரமாக முடிக்காதீர்கள். பின்னால் வருகிற எல்லாப் படியும் இதன்மேல்தான் நிற்கிறது.

2. விளம்பரத்தாளில் எந்த எண்ணைப் பார்ப்பது

பளபளக்கிற தாளில் நாற்பது எண் இருக்கும். சின்னக் காருக்கு நாலைந்து போதும். மாருதி ஆல்டோ கே10ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம், எல்லாருக்கும் தெரிந்த வண்டி. நீளம் 3530 மில்லிமீட்டர், இன்ஜின் 998 சிசி, டிக்கி 214 லிட்டர். 2022இல் வந்தபோது சக்தி 67 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் குறைவு, இழுவிசை 89 நியூட்டன் மீட்டர்.

நீளம் குறைவு என்பது மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் வண்டியைத் திருப்பும்போது வரம். அதே நீளம்தான் டிக்கியைச் சின்னதாக்குகிறது. ரெனோ குவிட்டில் டிக்கி 279 லிட்டர், வேகன் ஆரில் 341. லிட்டர் கணக்கு மனதில் நிற்கவில்லையென்றால் ஒரு பெரிய சக்கையையும் (பலாப்பழம்தான்) இரண்டு பையையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து சக்கை இல்லாமல் யார் திரும்புகிறார்கள்?

அதிகம் பேர் தவறவிடுவது எடைக் கணக்கு. இந்த அளவு கார் ஏறக்குறைய முக்கால் டன் இருக்கும். ஆளுக்கு 70 கிலோ என்று நான்கு பேர் ஏறினால் 280 கிலோ. அதாவது வண்டியின் சொந்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 1300 கிலோ பெரிய காரில் அதே நால்வர் ஐந்தில் ஒரு பங்குதான். தனியாக ஓட்டும்போது துள்ளிக்கொண்டு போகிற சின்ன வண்டி, குடும்பம் ஏறியதும் முக்குவது இதனால்தான். எனவே ஒரு ஆளோடு ஓட்டிப் பார்த்து முடிவு செய்தவர் பாதி வண்டியைத்தான் பார்த்திருக்கிறார் என்பேன்.

இழுவிசைக்குப் பக்கத்தில் இன்ஜினின் எத்தனை சுற்றில் என்று போட்டிருப்பதையும் பாருங்கள். கே10இல் நிமிடத்துக்கு 3500 சுற்று. அதற்குக் கீழே முழு இழுவை கிடைக்காது. ஏற்றத்தில் கியரைக் குறைத்து இன்ஜினைக் கொஞ்சம் கத்தவிட்டுத்தான் ஏற வேண்டும்.

3. நிற்கிற வண்டியில் உட்காருங்கள்

முதலில் ஓட்டுநர் சீட்டை உங்கள் காலுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே இறங்கிப் போய், அதே சீட்டுக்குப் பின்னால் உட்காருங்கள். முட்டு இடிக்கிறதா? பிறகு பின்சீட்டில் மூன்று பெரியவர்களை உட்காரவைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள். ஐந்து பேர் வண்டி என்று தாளில் இருக்கும். தோள் ஒத்துக்கொள்கிறதா என்பது வேறு விஷயம்.

முட்டுவலிக்காரர் வீட்டில் இருந்தால் டேப்பை எடுங்கள். அவர் கையூன்றாமல் எழுகிற நாற்காலி வீட்டில் ஒன்று இருக்குமே, அதன் உட்காரும் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கார் சீட்டுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். விற்பனைத் தம்பி ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. காசு நம்முடையது.

வைப்பர், கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, பின்கண்ணாடிப் பனி நீக்கி இவற்றையும் பாருங்கள். நமக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. விலை குறைந்த வகைகளில் முதலில் வெட்டப்படுவது பின்பக்க வைப்பரும் பனி நீக்கியும்தான்.

4. ஓட்டிப் பார்ப்பது: வழியை நீங்கள் சொல்லுங்கள்

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். விற்பனைத் தம்பி வழக்கமாக ஒரு வழி வைத்திருப்பார். நல்ல தார், நேர் ரோடு, பத்து நிமிடம், திரும்பி வந்து சாயா. மரியாதையாக மறுத்துவிட்டு, "குடும்பத்தோடு வருகிறோம், எங்கள் வழியில் ஓட்ட வேண்டும்" என்று முன்கூட்டியே கேளுங்கள். தரமாட்டேன் என்றால் இன்னொரு ஷோரூம் இருக்கிறது.

ஏற்றம்: நால்வரும் உள்ளே, ஏசி ஓட வேண்டும். திற்பரப்பு, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து ஏறுகிற ரோடு ஒன்றைப் பிடியுங்கள். பாதி ஏற்றத்தில், பின்னால் வண்டி வராதபோது, நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு மறுபடி கிளப்புங்கள். பின்னால் உருள்கிறதா, இன்ஜின் அணைகிறதா, கிளட்ச் கருகும் வாசம் வருகிறதா? இரண்டாம் கியரில் ஏறுமா, முதல் கியருக்கே திரும்ப வேண்டியிருக்கிறதா? ஏசியை அணைத்து இன்னொரு தடவை. வித்தியாசம் பெரிதாக இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். கிளட்ச் மிதி இல்லாத ஏஎம்டி வண்டி என்றால் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். ஏற்றத்தில் பிடித்து நிறுத்தும் வசதி இல்லாத ஏஎம்டி, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் பின்னால் நழுவும்.

நாங்கள் ஓட்டிய வண்டியின் பெயர் வேண்டாம். ஏற்றத்தில் கிளப்பும்போது இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை பின்சீட்டிலிருந்து சித்தி, "மக்கா, நான் இறங்கித் தள்ளணுமா?" என்றாள்.

வேகத்தடை: முழு ஆளோடு, ஊர்ந்துபோகும் வேகத்தில். அடி உரசுகிறதா என்று காதால் கேளுங்கள். தாளில் உள்ள தரை இடைவெளி, குவிட்டின் 184 மில்லிமீட்டர் மாதிரி, ஆள் ஏறியதும் குறையும். சின்னக் காருக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே தூரம் குறைவு என்பதால் வயிறு சீக்கிரம் இடிக்காது. அதே காரணத்தால் குண்டுகுழியில் தலையாட்டுவதும் அதிகம்.

நெரிசல்: நாகர்கோவில் வடசேரி அல்லது மார்த்தாண்டம், மாலை நேரம். கால்மணி நேரம் கிளட்சை மிதித்து விட்டாலே இடதுகால் பதில் சொல்லிவிடும்.

காற்று: வடக்கே போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவ மாதங்களில் அடிக்கிற காற்றைச் சொல்லத் தேவையில்லை, முப்பந்தலில் காற்றாலைக் காடே நிற்கிறது. எடை குறைந்த, உயரமான வண்டியை அந்தப் பக்கக்காற்று தள்ளும். 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு லாரியைத் தாண்டும்போது வண்டி எவ்வளவு விலகுகிறது என்று கவனியுங்கள். ஜூனில் வாங்குகிறவர்களுக்கு இது இலவசச் சோதனை. டிசம்பரில் வாங்கினால் ஏற்கெனவே அந்த மாடல் வைத்திருக்கிற ஒருவரைப் பிடித்துக் கேட்க வேண்டியதுதான்.

5. மைலேஜ்: நீங்களே கணக்குப் போடுங்கள்

விளம்பரத்தில் உள்ள மைலேஜ் சோதனைச்சாலையில் உருளைமேல் ஓட்டி எடுத்தது. வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும், உங்கள் பெட்ரோல் செலவைச் சொல்லாது. அதே மாடல் வைத்திருக்கிற உறவுக்காரரிடம் ஒரு வேலை கொடுங்கள். பங்கில் பம்பு தானாக நிற்கும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். 200 கிலோமீட்டர் ஓடியபின் அதே பங்கில் அதே மாதிரி மறுபடி நிரப்ப வேண்டும். 212 கிலோமீட்டருக்கு 11.5 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 18.4. டேஷ்போர்டில் காட்டுகிற எண்ணைவிட இதை நம்பலாம்.

இனி அதைப் பணமாக்குங்கள். ஒரு வண்டி 18, இன்னொன்று 22 தருகிறது, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தம்பி மாதிரி மாதம் 1500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு வித்தியாசம் 15 லிட்டர், 1500 ரூபாய். மாதம் 300 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறவருக்கு 300 ரூபாய்தான். அந்த இரண்டாமவர் மைலேஜுக்காக மட்டும் ஒரு வண்டியைத் தள்ளிவிடுவது எனக்குப் புரியவே இல்லை.

6. நட்சத்திரத்தை எப்படி வாசிப்பது

மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்பதோடு, எந்த வருடம், எத்தனை ஏர்பேக் உள்ள வண்டி என்பதையும் சேர்த்து வாசியுங்கள். கார்களை மோதிச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2020இல் டாடா டியாகோவுக்கு 4 நட்சத்திரம் கொடுத்தது. 2023இல் ஆல்டோ கே10க்குப் பெரியவர் பாதுகாப்பில் 2. ஆனால் இடையில் 2022இல் சோதனை விதிகளே கடினமாகிவிட்டன, இரண்டையும் நேருக்கு நேர் வைக்க முடியாது. கே10 சோதிக்கப்பட்டபோது அதில் 2 ஏர்பேக், 2025இல் எல்லா வகையிலும் 6 ஆனது. ஏர்பேக் கூடியதால் நட்சத்திரமும் கூடிவிட்டதாக நாமே சொல்லிக்கொள்ளக் கூடாது, மறுபடி மோதிப் பார்த்தால்தான் தெரியும். நம் நாட்டின் பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியது. நீங்கள் பார்க்கும் மாடல் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பழைய வண்டி என்றால்

இது ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம், நான் அடிபட்ட இடத்தை மட்டும் சொல்கிறேன். என் முதல் கார் கடலோர ஊரிலிருந்து வாங்கியது. மேலே பெயின்ட் கண்ணாடி மாதிரி. மூன்றாம் மழைக்கு, மிதியடிக்குக் கீழே தண்ணீர். விரிப்பைத் தூக்கினால் ரோடு தெரிந்தது! உப்புக்காற்று அடியிலிருந்துதான் தின்னும். ஆகவே கதவின் கீழ்விளிம்பு, ஸ்டெப்னிக் குழி, ஜாக்கி வைக்கும் இடம், விரிப்புக்கு அடி எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் தூக்கிக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. விரிப்பில் மீன் வாசம் வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்து வண்டி, அதாவது கேரள வண்டி, மலிவாகக் கிடைத்தால், தடையில்லாச் சான்றும் தமிழ்நாட்டு வரியும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

7. குறைகளை மூன்றாகப் பிரியுங்கள்

பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கூட்டிப் பார்த்தால் எல்லா வண்டிக்கும் ஏழு வரும். நோட்டில் எழுதிய குறைகளை இப்படிப் பிரித்தால் போதும்: காசு கொடுத்துச் சரிசெய்யலாம், பழகிக்கொள்ளலாம், மாற்றவே முடியாது. ஹாரன், ஸ்பீக்கர், சீட் உறை எல்லாம் முதல் வகை. கெட்டியான கிளட்ச், மலிவான பிளாஸ்டிக் இரண்டாவது. இன்ஜின் சக்தி, சீட் உயரம், டிக்கி, வண்டிக்கூட்டின் உறுதி மூன்றாவது. மூன்றாம் வகையில் உள்ள ஒரு குறை, முதல் படியில் எழுதிய பயணப் பட்டியலில் அடிக்கடி வருகிற வழியில் விழுந்தால் அந்த வண்டி உங்களுக்கு ஆகாது. விலை எவ்வளவு குறைந்தாலும் சரி. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியதில் விலை குறைந்தது உண்மைதான், ஏற்றத்தின் சரிவு குறையவில்லையே.

தம்பியின் நோட்டில் பதினொரு குறை இருந்தது. ஒன்பது முதல் இரண்டு வகை. மிச்சம் இரண்டு: வீட்டுச் சரிவில் முழு ஆளோடு கிளம்ப மறுத்தது, பின்சீட்டின் தாழ்ந்த உயரம். சரிவுக்கு அவனிடம் ஒரு பதில் இருந்தது, எல்லாரையும் ரோட்டிலேயே இறக்கிவிட்டு வண்டியை மட்டும் ஏற்றிக்கொள்ளலாமாம். சீட்டுக்குப் பதில் இல்லை. சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி நிமிர்ந்து, "இதுக்கு ஆட்டோவே கொள்ளாம்" (ஆட்டோவே நல்லது) என்று சொல்லிவிட்டாள்.

வரும் சனிக்கிழமை கொஞ்சம் உயரமான வண்டி ஒன்றைப் பார்க்கப் போகிறோம். டேப்பை இந்தத் தடவை சித்தியே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.