ரிசல்ட்டுக்கு அப்புறம் செய்யக்கூடாதவை

எங்கள் ஊர் நூலகத்தில் மாலை நேரங்களில், தமிழ்நாடு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளோடு உட்காருவேன். ஒவ்வொரு ரிசல்ட் வந்ததும், நான் அன்று செய்த தவறுகளை அவர்களும் செய்கிறார்கள். அழுவது, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வீட்டில் மறைப்பது

2018-இல் எழுதிய குரூப் 4 தேர்வில் என் ரேங்க்கைப் பார்த்ததுமே வேலை கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. அப்பாவிடம், "சர்டிபிகேட் சரிபார்க்க இன்னும் கூப்பிடலப்பா" என்றேன். ஒரு வாரம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தது, நாலு மாதம் ஆனது. வேலை வரப்போகிறது என்று நம்பி, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து அப்பா என் அறை வாடகையை அனுப்பிக்கொண்டிருந்தார். நானோ ஒரு பாடம்கூட உருப்படியாகப் படிக்கவில்லை. போன் அடித்தாலே வயிற்றைப் பிசையும். இன்று என்ன சொல்லிச் சமாளிப்பது என்பதிலேயே பொழுது போய்விடும்.

கடைசியில் சொன்னபோது அப்பா திட்டவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா ஊருக்கு வந்து படிச்சிருக்கலாமேய்யா" என்றார். சங்கிலியை மீட்க 2 வருஷம் ஆனது. இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

போன மாதம் ஒரு தங்கை இதையே செய்துகொண்டிருந்தாள். அன்று மாலையே அம்மாவுக்குப் போன் போட வைத்தேன். "பெயிலாகிட்டேன்" என்று மட்டும் சொன்னால் பெற்றவர்கள் பயந்துபோவார்கள். எத்தனை கேள்வியில் போனது, அடுத்து எந்தத் தேர்வு, எந்த மாதம் வரை வீட்டுப் பணம் வேண்டும், இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் சொல்லவே முடியாத நிலை சிலருக்கு உண்டு. அவர்கள் நம்பிக்கையான ஒருவரிடமாவது அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

"எனக்கு மூளை இல்லை"

எண்ணிப் பார்க்காமல் இப்படி முடிவு கட்டாதீர்கள். குரூப் 4-இல் தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு வரும் திறனறிவு 25, ஆக 200 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மார்க். விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, எதில் எத்தனை போனது என்று எழுதுங்கள். எனக்குத் திறனறிவில் மட்டும் 14 கேள்வி போயிருந்தது. 21 மார்க்! அப்புறம் தினமும் ஒரு மணி நேரம் கணக்குதான் போட்டேன்.

மறுநாளே 14 மணி நேர அட்டவணை

நாலாம் நாள் நின்றுவிடும். 2 மணி நேரத்தில் ஆரம்பியுங்கள்.

தேர்வானவர்களின் ஸ்டேட்டஸ்

ஒரு வாரம் மியூட்டில் போடுங்கள்.

தனியாகவே தாங்குவது

இரண்டு வாரமாகத் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் சரி, அன்றைக்கே 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.